மலிவு விலை ஒயின்கள்: எந்த வட்டாரம் கைகொடுக்கும்?

விலை குறைந்த ஒயினை எடுக்கும்போது திராட்சையின் பெயரையும் பாட்டிலின் அழகையும்விட ஒரு கேள்விதான் எனக்கு அதிகம் உதவியிருக்கிறது. இந்த வட்டாரத்துக்குச் சோறு போடுவதே இந்த ஒயின்தானா? அல்லது பெரிய பெயர் பெற்ற ஒயினை நல்ல விலைக்கு விற்றபின், மிஞ்சியதை அதே பெயரின் நிழலில் தள்ளிவிடுகிறார்களா? பிரான்சின் புகழ்பெற்ற வட்டாரங்களான பர்கண்டி, போர்டோ என்று பெரிதாக எழுதிய அடித்தட்டு பாட்டில்களில் நான் கண்டது பெரும்பாலும் இரண்டாவதைத்தான். பெயருக்குக் கொடுத்த பணம் போக, குடிப்பதற்கென்று மிஞ்சுவது கொஞ்சம்.

நான் ஒயின் படித்தவன் அல்ல. இரவில் ஒரு கோப்பை, மிஞ்சினால் இன்னொன்று, மிச்சத்தை மூடி குளிர்பெட்டியில் வைத்து மறுநாள் மீண்டும் சுவைப்பது என்பது என் வழக்கம். இந்த இரண்டாம் நாள் சோதனையை நான் பெரிதும் நம்புகிறேன். திறந்தவுடன் ஆளை அசத்தும் ஒயின்களில் பல, அடுத்த நாள் வெறும் சாராய நெடியோடு கிடக்கும். இங்கே சொல்பவை எல்லாம் அப்படிக் குடித்துப் பார்த்துத் தோன்றியவை.

சிவப்பு ஒயின்களில் உண்மையான போட்டி இரண்டு வட்டாரங்களுக்கு இடையில்தான் என்பது என் எண்ணம். ஒன்று ஸ்பெயினின் ரியோஹா, மற்றது பிரான்சின் கோட் து ரோன்.

ரியோஹாவின் பலம், காத்திருக்கும் வேலையை அவர்களே செய்து முடித்துவிடுவது. வயதை வைத்து ஒயினை வகை பிரிப்பது அங்கே சட்டம். கிரியான்சா என்று எழுதியிருந்தால் அந்தச் சிவப்பு ஒயின் குறைந்தது 2 ஆண்டு பக்குவப்பட்டிருக்க வேண்டும், அதில் ஓர் ஆண்டாவது ஓக் பீப்பாயில் கழிந்திருக்க வேண்டும். ரெசெர்வாவுக்கு 3 ஆண்டு, கிரான் ரெசெர்வாவுக்கு 5. ஸ்பானிய மொழியில் ஓரெழுத்து தெரியாவிட்டாலும் பாதகமில்லை. பாட்டிலின் முதுகில் தபால்தலை போல ஒட்டியிருக்கும் முத்திரையின் நிறத்தைப் பார்த்தால் போதும். பச்சை என்றால் பக்குவ விதி எதற்கும் கட்டுப்படாதது, சிவப்பு என்றால் கிரியான்சா, ஆழ்ந்த அரக்குச் சிவப்பு என்றால் ரெசெர்வா, நீலம் என்றால் கிரான் ரெசெர்வா. விலை குறைந்த ஒயின் வாங்குபவனுக்கு இவ்வளவு நேர்மையாகத் தகவல் சொல்லும் வட்டாரம் வேறு எனக்குத் தெரியவில்லை.

இந்தப் பீப்பாய்ப் பழக்கத்தில் பிரான்சின் கையும் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஃபிலாக்ஸெரா என்ற பூச்சி பிரான்சின் திராட்சைத் தோட்டங்களை வேரோடு அழித்தபோது, போர்டோ வணிகர்கள் ஒயின் தேடிப் பிரனீஸ் மலையைத் தாண்டி வந்தார்கள். சிறு பீப்பாயில் வைத்துப் பக்குவப்படுத்தும் அவர்களுடைய முறை ரியோஹாவில் நிலைபெற்றது. இன்றும் சட்டப்படியான பீப்பாயின் அளவு போர்டோவின் அதே 225 லிட்டர்தான். மரம் மட்டும் மாறியது. ஸ்பானியர்கள் அமெரிக்க ஓக்கைப் பிடித்துக்கொண்டார்கள். பழைய பாணி ரியோஹாவில் எழும் வெனிலா மணமும் தேங்காயை நினைவூட்டும் மணமும் அந்த மரத்தின் உபயம். இப்போது பிரெஞ்சு ஓக்கைப் பயன்படுத்துபவர்களும் அங்கே நிறைய.

ஆபத்தும் அந்த மரத்திலேயேதான் இருக்கிறது. ரியோஹாவின் முக்கியத் திராட்சையான டெம்ப்ரானியோ அப்படியொன்றும் உரத்த குரல் கொண்டதல்ல. பழம் மெலிந்த ஆண்டில், அக்கறையில்லாத தயாரிப்பாளர் கையில், பீப்பாய் மணம் மட்டும் முன்னால் வந்து நிற்கும். முகர்ந்தால் கேக் கடை, குடித்தால் மரத்தூள். இந்த ஏமாற்றத்துக்குப் பயந்துதான், கிரியான்சா கைக்கெட்டும் விலையில் இருக்கும்போது அதைவிட மலிவான ‘ரெசெர்வா’வை நான் தொடுவதில்லை. மூன்றாண்டு வைத்திருந்த ஒயின் இரண்டாண்டு வைத்திருந்ததைவிட மலிவாகக் கிடைக்கிறது என்றால், எதில் சிக்கனம் பிடித்திருப்பார்கள் என்று யோசிக்க வேண்டாமா?

கோட் து ரோன் நேர் எதிர்த் திசை. அங்கே முதன்மையான கிரெனாஷ் திராட்சைக்குத் தோல் மெல்லியது, சர்க்கரை அதிகம், காற்றுப் பட்டால் சீக்கிரம் தளர்ந்துவிடும் சுபாவம். அதனால் சிறு பீப்பாயை விட்டு, கான்கிரீட் தொட்டியிலோ எஃகுத் தொட்டியிலோ பெரிய மரத்தொட்டியிலோ வைப்பதே அங்கே பெருவழக்கு. நிறத்துக்கும் மிளகு வாசனைக்கும் சிரா திராட்சையைச் சேர்ப்பார்கள், முதுகெலும்புக்கு மூர்வேத்ர் திராட்சையை. மரத்தின் பூச்சு இல்லாததால் நல்லதும் கெட்டதும் வெளிப்படையாகத் தெரியும். நல்ல பாட்டிலில் பழுத்த செம்பழ மணம், காய்ந்த மூலிகை வாசனை, விழுங்கியபின் தொண்டையில் ஓர் இதமான காரம். மோசமான பாட்டிலில் வேகவைத்த ஜாம். வடக்கிலிருந்து வீசும் மிஸ்ட்ரால் காற்று மழைக்குப்பின் குலைகளை உலர்த்தி அழுகலைத் தடுப்பதால் விவசாயிக்கு வேலை எளிது. ஆனால் வெயிலும் கிரெனாஷின் சர்க்கரையும் சேர்ந்தால் ஆல்கஹால் எகிறும். 14.5% என்று லேபிளில் கண்டால், இரண்டு கோப்பைக்குப் பதில் ஒன்றரையோடு நிறுத்திக்கொள்ளும் எண்ணத்தோடுதான் அதை எடுக்க வேண்டும்.

இரண்டையும் ஒரே வேளையில் ஊற்றி வெள்ளைத் தாளின்மேல் கோப்பையைச் சாய்த்துப் பார்த்தால் வேறுபாடு கண்ணுக்கே தெரிகிறது. கிரியான்சாவின் விளிம்பில் செங்கல் நிறம் படரத் தொடங்கியிருக்கும். இளம் ரோனின் விளிம்போ இன்னும் ஊதா கலந்த சிவப்பு. முதல் கோப்பையில் ரோன்தான் எனக்கு உற்சாகம். ரியோஹா சற்று விறைப்பாக உட்கார்ந்திருக்கும். மறுநாள் கணக்கு மாறிவிடுகிறது. ரோனில் பழம் கரைந்து ஆல்கஹால் மேலேறுகிறது. ரியோஹா பீப்பாயில் ஏற்கெனவே காற்றோடு பழகியதாலோ என்னவோ, நன்றாகவே தாக்குப்பிடிக்கிறது. சில பாட்டில்கள் இரண்டாம் நாளில்தான் வாயைத் திறக்கின்றன.

ஆகவே தனியாக, மெதுவாகக் குடிப்பவர் கண்ணை மூடிக்கொண்டு கிரியான்சாவை எடுக்கலாம். நாலு பேர் கூடி ஒரே அமர்வில் பாட்டிலை முடிப்பதானால் ரோன். அதிலும் வெறும் கோட் து ரோனைவிட ஒரு படி மேலே, ‘வில்லாஜ்’ என்ற சொல்லோடு ஓர் ஊர்ப்பெயரும் சேர்ந்திருக்கும் பாட்டில்களைத் தேடுங்கள். அந்த ஊர்கள், தங்கள் பெயரிலேயே ஒயின் விற்கும் தனித்தகுதி கேட்டு வரிசையில் நிற்பவை. வாக்கேராஸ் அப்படி நின்று 1990இல் மேலே போனது, கேரான் 2016இல். மேலே போனபின் விலையும் ஏறும். ஆகவே வரிசையில் நிற்கும்போதே வாங்குவதுதான் நம்மைப் போன்றவர்களுக்குச் சாமர்த்தியம்.

இந்த இரண்டுக்கும் வெளியே நின்று அடிக்கடி என்னை இழுப்பது போஜொலே. பர்கண்டியின் தெற்கு வாசலில் இருந்துகொண்டே பர்கண்டியால் ஒதுக்கப்பட்ட திராட்சை அங்கே விளைகிறது. 1395இல் பர்கண்டிக் கோமகன் பிலிப் காமே திராட்சையைத் தன் நிலத்திலிருந்து பிடுங்கி எறியச் சொல்லி ஆணையிட்டார். அதன் விளைச்சல் மிகுதியும் சுவையும் அவருக்குப் பிடிக்கவில்லை. தெற்கேயிருந்த கருங்கல் குன்றுகளில் அதே திராட்சை நன்றாகவே செழித்தது. நொறுக்காத முழுக் குலைகளைத் தொட்டியில் அடைத்துக் கரியமில வாயுவில் மூழ்கவிடுகிறார்கள். ஒவ்வொரு பழத்துக்குள்ளேயே நொதித்தல் தொடங்குகிறது. தோலின் துவர்ப்பு அதிகம் இறங்குவதில்லை, பழ மணம் பொங்குகிறது.

நவம்பர் மூன்றாவது வியாழக்கிழமை விற்பனைக்கு வரும் நூவோவை மட்டும் குடித்துவிட்டு போஜொலேயை எள்ளுபவர்களோடு எனக்கு வழக்கு உண்டு. அறுவடை முடிந்த சில வாரங்களில் பாட்டிலுக்குள் போன அதில் வாழைப்பழ மணம் தூக்கலாக இருக்கும்தான். அது ஒரு கொண்டாட்டச் சரக்கு, அவ்வளவே. ஒரு வசந்தத்தைத் தாண்டிய போஜொலே வில்லாஜ் வேறு சாதி. குடிக்கும் முறை முக்கியம். குளிர்பெட்டியில் அரை மணி நேரம் வைத்து 13 டிகிரி வாக்கில் ஊற்ற வேண்டும். சூடேறிய அறையில் அப்படியே திறந்தால் தொளதொளவென்று இருக்கும். சிவப்பு ஒயினைக் குளிரவைக்கக் கூடாது என்று யாரோ சொன்னதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டிருப்பவர்களுக்கு இது புரிய நாளாகும். பினோ நுவார் திராட்சையில் செய்த மலிவான பர்கண்டியையும் போஜொலே வில்லாஜையும் அருகருகே வைத்தால், முன்னது பணக்கார வீட்டுப் பெயரைச் சொல்லிக்கொண்டு நீர்த்துக் கிடக்கிறது. பின்னது தன் வேலையைச் செய்கிறது.

அர்ஜென்டினாவின் மென்டோசா வட்டாரத்தில் மால்பெக் திராட்சையில் செய்யும் ஒயின் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. மழை குறைவு, வெயில் தாராளம், ஆண்டிஸ் பனி உருகிய நீரைக் கால்வாய் வழியே அளந்து பாய்ச்சுகிறார்கள். அதனால் நல்ல ஆண்டு, கெட்ட ஆண்டு என்ற சூதாட்டம் ஐரோப்பாவைவிடக் குறைவு. நாவற்பழம் தின்ற நாக்கைப் போலக் கோப்பையை ஊதாவாக்கும் நிறம், மென்மையான துவர்ப்பு, கொழுத்த பழச்சுவை. எந்தப் பாட்டிலும் சோடை போவதில்லை. இரண்டாவது கோப்பையில் எனக்குச் சலித்துவிடுகிறது. லேபிளில் ஊகோ பள்ளத்தாக்கு என்றிருந்தால் மட்டும் சலிப்பு தள்ளிப்போகும். உயரம் அதிகம், இரவுகள் குளிர்ந்தவை, ஆகவே புளிப்பு பிழைத்திருக்கிறது.

இத்தாலியில் என் தீர்ப்பைப் பலர் ஏற்க மாட்டார்கள். மலிவு விலையில் டஸ்கனியின் கியான்டியைவிட, அப்ருட்சோ வட்டாரத்தில் மோன்டெபுல்சானோ திராட்சையில் செய்யும் மோன்டெபுல்சானோ தப்ருட்சோ நம்பகமானது. 1932இல் கியான்டி எல்லையை மூல மலைப்பகுதிக்கு வெளியே வெகுதூரம் விரித்துவிட்டார்கள். பழைய மையம் கியான்டி கிளாசிகோ என்று கறுப்புச் சேவல் முத்திரையோடு பிரிந்து நிற்கிறது, அதற்கேற்ற விலையில். வெறும் கியான்டி என்ற பெயரில் மலிவாகக் கிடைப்பவற்றில் சான்ஜோவேசே திராட்சையின் புளிப்பு மட்டும் எஞ்சி, பழம் காணாமல் போயிருப்பதே அடிக்கடி நேர்கிறது. அப்ருட்சோவின் மோன்டெபுல்சானோவுக்கு நிறமும் உண்டு, சதைப்பற்றும் உண்டு, புளிப்பும் அடக்கமானது. கொஞ்சம் கரடுமுரடு. ஆனால் சுமாரான தயாரிப்பாளர் கையிலும் குடிக்கும்படி இருக்கிறது. டஸ்கனியில் மோன்டெபுல்சானோ என்றே ஓர் ஊர் இருக்கிறது, அதன் ஒயின் சான்ஜோவேசேயில் செய்யப்படுவது. கடையில் பெயரை முழுதாகப் படித்துவிட்டு எடுங்கள்.

வெள்ளை ஒயின்களுக்கு வந்தால் அட்லாண்டிக் கரையின் இரண்டு வட்டாரங்கள். போர்ச்சுகலின் வின்யோ வெர்டேயும், பிரான்சின் லுவார் ஆறு கடலை நெருங்கும் நான்ட் நகரத்துப் பக்கத்து முஸ்கடேயும். இரண்டும் மெலிந்தவை, இரண்டிலும் புளிப்பு தூக்கல், இரண்டையும் பெரிய மனிதர்கள் பொருட்படுத்துவதில்லை.

வின்யோ வெர்டே 1908இலேயே எல்லை வகுக்கப்பட்ட வட்டாரம். மழை கொட்டும் வடமேற்கு மூலை. திராட்சை அதிகம் இனிக்காமல் பறிக்கப்படுவதால் பல பாட்டில்களில் ஆல்கஹால் 10 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். நாக்கில் ஊசி குத்துவது போன்ற மெல்லிய குமிழ் முன்காலத்தில் பாட்டிலுக்குள் தானாக உண்டானது. இன்று மலிவானவற்றில் பெரும்பாலும் கரியமில வாயுவைச் செலுத்திச் செய்வது. அதில் எனக்குக் கோபமில்லை. உரிக்கிற வெயிலில், நன்கு குளிர்ந்த ஒரு கோப்பைக்கு ஈடு கிடையாது. கோபம் வருவது இரண்டு காரணங்களால். சிலர் புளிப்பை மறைக்கச் சர்க்கரை மிச்சம் வைக்கிறார்கள். அடுத்து, அறுவடை ஆண்டே அச்சிடாமல் விற்கிறார்கள். இளமையாகக் குடிக்க வேண்டிய ஒயினில் பிறந்த ஆண்டு இல்லையென்றால் அதை எந்த நம்பிக்கையில் எடுப்பது? லோரேரோ என்ற திராட்சைப் பெயர் போட்டிருக்கும் பாட்டில்களில் இந்தத் தொல்லை குறைவு. பூ மணமும் கூடுதலாகக் கிடைக்கும்.

முஸ்கடேயின் திராட்சை மெலோன் து பூர்கோன். 1709இன் கொடும்பனி அந்தப் பகுதியின் கொடிகளைக் கருக்கியபின், குளிரைத் தாங்கும் என்று நட்டு நிலைத்தது. மணம் என்று பெரிதாக ஒன்றும் இல்லாத பழம். அந்த வெறுமையை ஈடுகட்டத்தான் ‘சூர் லீ’ முறை. நொதித்து முடிந்த ஈஸ்ட் மண்டியின் மேலேயே ஒயினைக் குளிர்காலம் முழுவதும் கிடக்கவிட்டு, வடித்து மாற்றாமல் நேராகப் பாட்டிலில் அடைப்பார்கள். மண்டியிலிருந்து ஒரு வழவழப்பும் ரொட்டி வாசனையின் சாயலும் இறங்கும். விழுங்கியபின் உதட்டில் உப்புக்கரிப்பு போல ஒன்று தங்கும். சிப்பிக்கு இதைவிடப் பொருத்தம் இல்லை என்று நான்ட்காரர்கள் சொல்வது வீம்பல்ல.

முஸ்கடேயை உறையும் குளிரில் குடித்தால் தண்ணீர்தான். குளிர்பெட்டியிலிருந்து எடுத்து இருபது நிமிடம் மேசையில் விட்டால் அந்த உப்பும் வழவழப்பும் மெல்ல வெளியே வரும். வின்யோ வெர்டேயை அதே இருபது நிமிடம் விட்டுப் பாருங்கள், குமிழ் அடங்கி, இனிப்புப் பானம் போல ஆகிவிடும். என் கணக்கில் வெள்ளையில் வெற்றி முஸ்கடேக்கு. இன்னும் ஒரு படி போக விரும்பினால் லேபிளில் கிளிசோன், கோர்ஜ், லெ பாலே ஆகிய ஊர்ப்பெயர்களைத் தேடலாம். 2011இல் தனி அங்கீகாரம் பெற்ற ஊர்கள் இவை. ஒரு குளிர்காலத்தோடு நிறுத்தாமல் இன்னும் நீண்ட காலம் ஒயினை மண்டியிலேயே கிடத்துகிறார்கள். சில ஆண்டு வைத்திருந்து குடிக்கத் தகுந்தவை. இந்தப் பெயர்கள் வெளியே இன்னும் அதிகம் பரவாததால் விலையும் இன்னும் கைமீறவில்லை.