சிசேரியனுக்கு முதுகில் போடும் மயக்க ஊசி: மருந்து நன்று, கவனிப்பு?

மருந்தில் குறை சொல்ல எதுவும் இல்லை. 0.5 சதவீத ஹெவி புப்பிவக்கைன் என்ற மரத்துப்போகச் செய்யும் மருந்து சுமார் 2 மில்லி முதுகில் இறங்கினால் சில நிமிடங்களில் கால் கனத்துவிடும். மார்புக்குக் கீழே வலி தெரியாது. தாய் விழித்திருந்தபடியே குழந்தையின் அழுகையைக் கேட்கலாம். தாய்மார்களின் மனக்குறையெல்லாம் ஊசிக்கு முன்னும் பின்னும் நடப்பதில்தான்.

வலி போனாலும் தொடுவதும் இழுப்பதும் தெரியும். குழந்தையை எடுக்கும்போது மேல்வயிற்றை நன்றாகவே அழுத்துவார்கள். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், மருந்து பிடிக்கவில்லை என்று தாய் மிரண்டுபோவார். உண்மையிலேயே வலிக்கிறது என்பவரை "அது சும்மா அழுத்தம்தாம்மா" என்று அடக்குவது அதைவிட மோசம், மன்னிக்கவே முடியாதது. நல்ல மயக்க மருத்துவர் கத்தி வைக்கும் முன் ஸ்பிரிட் பஞ்சை வயிற்றின் இரு பக்கமும் கீழிருந்து மேலாக வைத்து, "ஜில்லுனு தெரியுதாம்மா?" என்று கேட்டுக்கொண்டே மார்க்காம்பு மட்டம் வரை மரத்துவிட்டதா என்று பார்த்துவிடுவார். ஒரு நிமிட வேலை. இதைச் செய்யாத தியேட்டருக்கு எங்கள் மதிப்பெண் பூஜ்யம்.

ஊசி போட்ட கொஞ்ச நேரத்தில் குமட்டினால், கண் இருட்டினால், பெரும்பாலும் பிரஷர் இறங்குகிறது. ரத்தக்குழாய்கள் தளர்ந்துவிடுகின்றன; மல்லாந்து படுத்தால் கர்ப்பப்பையும் பெரிய சிரையை அழுத்துகிறது. இடப்பக்கம் சற்றுச் சாய்த்து, பிரஷரை ஏற்றும் ஃபினைலெஃப்ரின் மருந்து கொடுத்தால் குமட்டலும் அடங்கும். பிரஷரைக் கவனிக்காமல் வாந்தி ஊசி மட்டும் போடுவது அரைகுறை வைத்தியம். நடுக்கம் பலருக்கும் வரும்; போர்த்திச் சூடாக வைத்தால் ஆறுதல்.

சேவை மிகவும் சறுக்குவது தலைவலி விஷயத்தில். உட்கார்ந்தால் மண்டையைப் பிளக்கும், படுத்தால் குறையும். பெரும்பாலும் முதல் 3 நாளுக்குள் தொடங்கும். ஊசி போட்ட துளை வழியே தண்டுவட நீர் கசிவதுதான் காரணம். பென்சில் முனை கொண்ட 25 அல்லது 27 கேஜ் அளவுள்ள மெல்லிய ஊசியில் இது வெகுவாகக் குறைகிறது. விலை குறைவு என்று வெட்டுமுனை ஊசியையே இன்னும் வாங்கும் மருத்துவமனைகள் இதை யோசிக்க வேண்டும். தலையணை இல்லாமல் 24 மணி நேரம் அசையாமல் படுக்கச் சொல்வதால் தலைவலியைத் தடுக்க முடியாது. பால் கொடுக்கத் திண்டாடுவதுதான் மிச்சம். வலி விடாமல் இருந்தால், தாயின் கையிலிருந்தே ரத்தம் எடுத்து முதுகில் செலுத்தி அந்தத் துளையை அடைக்கும் சிகிச்சை உண்டு. ஆனால் மறுநாள் வார்டுக்கு மயக்க மருத்துவர் வந்து விசாரித்தால்தானே அந்தத் தாய்க்கு அது கிடைக்கும்!