பேட்டரி கடை விளம்பரத்துக்கு ஒரு பராமத்து: பெரம்பூர் சர்வீஸ் எப்படி?

தண்டையார்பேட்டையில் அப்பா காலத்திலிருந்து இன்வர்ட்டர், பேட்டரி கடை வைத்திருக்கிறோம். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்டிருந்த வருஷங்களில் கடை வாசலில் ஒரு ஸ்கூட்டர்கூட நிற்க முடியாது. அப்போதுதான் கூகுள் தேடலில் விளம்பரம் போட ஆரம்பித்தேன். 2021 பிப்ரவரியில் ரயில் ஓட ஆரம்பித்தது, ரோடு எங்களுக்குத் திரும்பக் கிடைத்தது. விளம்பரம் மட்டும் நிற்கவில்லை. தினம் 600 ரூபாய், அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி.

இப்போது எல்லாரும் 'ஏஐ மேக்ஸ் போட்டாச்சா?' என்று கேட்கிறார்கள். 2025 மே மாதம் தேடல் விளம்பரங்களுக்காக கூகுள் அறிவித்த வசதி இது. நாம் கொடுத்த கீவேர்டுகளோடு, அதாவது எந்தத் தேடலுக்கு விளம்பரம் வர வேண்டும் என்று குறித்த சொற்களோடு, நிற்காமல் அதற்குப் பக்கத்தில் வரும் தேடல்களுக்கும் விளம்பரத்தைக் காட்டும். நம் வெப்சைட்டைப் படித்துத் தலைப்புகளைத் தானே எழுதும். தேடுகிறவரை எந்தப் பக்கத்துக்கு அனுப்புவது என்பதையும் தானே முடிவு செய்யும். நான் அதை ஒரு சுவிட்ச் என்றுதான் நினைத்திருந்தேன். போட்டால் எரியும், அவ்வளவுதானே.

இதற்காகப் போனது பெரம்பூரில் இரண்டு பேர் நடத்தும் ஒரு சின்ன ஆபீஸுக்கு. ஆறு வாரத்தில் என் கூகுள் விளம்பரக் கணக்கை ஏஐ மேக்ஸுக்குத் தயார் செய்து தர 18,000 ரூபாய், அதன் பிறகு பார்த்துக்கொள்ள மாதம் 3,000. நடத்துகிற பெண்ணுக்கு முப்பது வயது இருக்கலாம். முதல் நாளே சொல்லிவிட்டார்: "அண்ணா, இப்பவே ஆன் பண்ணா உங்க கணக்குல இருக்கிற குப்பையையும் சேர்த்துத்தான் அது கத்துக்கும்."

என்ன குப்பை என்பது இரண்டாவது நாள் தெரிந்தது. கடையில் உட்கார்ந்து ஒரு வாரத்துக்கு வரும் ஒவ்வொரு போனையும் நோட்டில் எழுதச் சொன்னார். விளம்பரம் பார்த்து வந்த 31 போனில் 19 பேர் கேட்டது இன்வர்ட்டர் ஏசி சர்வீஸ்! இன்வர்ட்டர் பிரிட்ஜ் இரண்டு, இன்வர்ட்டர் வெல்டிங் மிஷின் ஒன்று. எங்கள் பையன் நல்ல பிள்ளை, பக்கத்துத் தெரு ஏசி மெக்கானிக் நம்பரைப் பொறுமையாகக் கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்தான். அந்த மெக்கானிக் பொங்கலுக்கு எங்களுக்கு ஸ்வீட் பாக்ஸ் கொடுத்த காரணம் அன்றைக்குத்தான் புரிந்தது.

கோளாறின் வேர் வேறு இடத்தில். முன்பு கணக்கைப் பார்த்தவர், வெப்சைட்டில் போன் பட்டனைத் தட்டினாலே அது 'கன்வர்ஷன்', அதாவது வெற்றி என்று அமைத்துவிட்டுப் போயிருந்தார். ஏசிக்காரர் தட்டினாலும் வெற்றி, பேட்டரி வாங்க வந்தவர் தட்டினாலும் வெற்றி. ஒவ்வொரு தேடலிலும் விளம்பர இடத்துக்கு ஏலம் நடக்கும். அந்த ஏல விலையைத் தானாக வைக்கிற கூகுள் இயந்திரம் என்ன செய்யும்? யார் அதிகம் தட்டுகிறார்களோ அவர்களைத்தான் தேடிப் பிடித்துக் கொண்டுவரும். என் காசில் இரண்டு கோடை முழுக்க அதைத்தான் செய்திருக்கிறது.

அதனால் முதல் மூன்று வாரம் அவர் விளம்பரத்தைத் தொடவே இல்லை. எனக்கு எரிச்சல்தான், காசு வாங்கிக்கொண்டு நோட்டுப் போடச் சொல்கிறாரே என்று. வெப்சைட்டில் ஒரு சின்ன ஃபார்ம் வைத்தார்: போன் நம்பர், பின்கோடு, என்ன வேண்டும் என்று மூன்று கேள்வி. போன் பட்டனை 'செகண்டரி' ஆக்கினார். எண்ணிக்கை தெரியும், ஆனால் ஏலத்தில் இயந்திரம் அதை வைத்து முடிவெடுக்காது. ஃபார்ம் போட்டவர்களில் யார் வாங்கினார்கள் என்பதை நாங்கள் நோட்டில் எழுத, வாரம் ஒருமுறை அவர் அதை கூகுள் கணக்கில் ஏற்றுவார். போன் நம்பரை வைத்து எந்த விளம்பரத்தில் வந்த ஆள் என்று பொருந்திவிடும்.

விற்பனையை மட்டுமே வெற்றியாக வைத்தால் போதாதா என்று கேட்டேன். மாதம் பதினைந்து விற்பனையை வைத்து இயந்திரம் ஒன்றும் கற்காது, எண்ணிக்கை ரொம்பக் குறைவு என்றார். அதனால் நம் பின்கோடுகளிலிருந்து, பேட்டரிக்காக வந்த ஃபார்முக்கு ஒரு மதிப்பு, விற்பனைக்கு அதைவிடப் பெரிய மதிப்பு. இந்த யோசனைக்கே பாதிக் காசைக் கொடுக்கலாம்.

இடம் விஷயம் என் சொந்த முட்டாள்தனம். விளம்பரம் காட்டும் இடத்தில் 'இங்கே இருப்பவர்கள்', 'இங்கே ஆர்வம் காட்டுபவர்கள்' இரண்டும் சேர்ந்த அமைப்பை அப்படியே விட்டிருந்தேன். கோயம்புத்தூரிலிருந்தெல்லாம் போன் வரும். இப்போது 'இங்கே இருப்பவர்கள்' மட்டும்: பின்கோடு 600081, 600021, 600013, 600019, மணலி, வியாசர்பாடி. எண்ணூர் வேண்டாம் என்றேன், டெலிவரி வண்டிக்குக் கட்டாது.

அடுத்து வெப்சைட். ஏஐ அதைப் படித்துத்தான் விளம்பரம் எழுதும் என்றால், அங்கே இருக்கிற ஒவ்வொரு பொய்யும் விளம்பரத்தில் ஏறும். ஒரு பழைய பக்கத்தில் '24 மணி நேர சேவை' என்று இருந்தது. நாங்கள் ஒன்பது மணிக்கு ஷட்டர் இறக்கிவிடுவோம். யாரோ எங்கிருந்தோ காப்பியடித்துப் போட்ட சோலார் பக்கம் ஒன்று, நாங்கள் சோலார் செய்வதே இல்லை. பதினான்கு பக்கத்தை ஆறாக்கினார். வாரண்டி விதிமுறைப் பக்கத்துக்கு மட்டும் ஆட்களை அனுப்பாதபடி விலக்கி வைத்தார்.

நெகட்டிவ் கீவேர்டு பட்டியல், அதாவது எந்தச் சொல்லுக்கு விளம்பரம் வரக் கூடாது என்ற பட்டியல், போடும்போது ஒரு சண்டை. ஏசி, பிரிட்ஜ், வாஷிங் மிஷின், வெல்டிங், வேலை, டீலர்ஷிப் எல்லாம் சரி. 'பழைய பேட்டரி விலை'யையும் தடுக்கச் சொன்னேன். காயலான் கடைக்காரர்கள் விலை விசாரிக்கிற தேடல் அது. "ஒரு மாசம் விட்டுப் பாருங்கண்ணா" என்றார். அந்த மாதம் அப்படித் தேடி வந்தவர்களில் மூன்று பேர் எக்ஸ்சேஞ்ச் போட்டு 150 ஏஹெச் டியூபுலர் பேட்டரி எடுத்துப் போனார்கள். வீட்டில் பேட்டரி செத்தவன்தானே பழையது என்ன விலைக்குப் போகும் என்று பார்ப்பான்? முப்பது வருஷமாக எக்ஸ்சேஞ்ச் போடுகிற கடைக்காரனுக்கு இது தோன்றவில்லை.

நான்காவது வாரம்தான் ஏஐ மேக்ஸை ஆன் செய்தார், அதுவும் பாதிக்கு மட்டும். பழைய முறை ஒரு பக்கம், புதியது ஒரு பக்கம் என்று சோதனை. தேடல் சொற்களின் ரிப்போர்ட்டைப் பார்த்தால் சிரிப்பு வந்தது. 'இன்வர்ட்டர் பீப் பீப்னு கத்துது', 'கரண்ட் போனா அஞ்சு நிமிஷத்துல ஆஃப் ஆகுது'. இதெல்லாம் நான் ஜென்மத்துக்கும் கீவேர்டாகப் போட்டிருக்க மாட்டேன். ஆனால் பீப் சத்தம் கேட்கிற வீட்டில் பாதிக்குப் பாதி பேட்டரி போயிருக்கும் என்பது எங்களுக்குத் தெரியும். டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றப் போகிற பையன் பேட்டரி ஆர்டரோடு திரும்பி வருகிறான்.

குறைகளும் சொல்ல வேண்டும். அந்த ஆபீஸில் எழுதிக் கொடுத்த தமிழ் தலைப்புகள் படு மோசம். 'நீடித்த மின்கலங்கள்' என்று ஒன்று. எங்கள் ஏரியாவில் யார் மின்கலம் என்று சொல்கிறார்கள்? தலைப்புக்கு 30 எழுத்துதான் இடம், தமிழில் புள்ளியும் கொம்பும் தனித்தனியாக இடம் பிடிக்கும். அதில் போய் இலக்கணத் தமிழ். விளம்பரம் ஒன்றுக்குப் பதினைந்து தலைப்பு வரை கொடுக்கலாம், பதினொன்றை நானும் என் மனைவியும் இரவு உட்கார்ந்து மாற்றினோம். ரிப்போர்ட் முழுக்க ஆங்கிலம், போன் போட்டுக் கேட்டால்தான் புரிகிறது. ஆறு வாரம் எட்டு வாரமானது. இன்னொன்று, எங்கள் பழைய கஸ்டமர்கள் ஃபார்ம் போட மாட்டார்கள், நேராகப் போன்தான். அந்த விற்பனை இயந்திரத்தின் கண்ணில் படுவதே இல்லை. இதற்கு அவரிடமும் இன்னும் வழி இல்லை.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். மாதம் ஐந்தாயிரம்கூட விளம்பரத்துக்குச் செலவழிக்காத கடை என்றால் இந்த 18,000 கட்டாது, நோட்டை மட்டும் நீங்களே போடுங்கள். ஏசி போன் இப்போது வாரத்துக்கு ஒன்றோ இரண்டோதான். அடுத்த பொங்கலுக்கு ஸ்வீட் பாக்ஸ் வருமா என்பது சந்தேகம்.

போன சனிக்கிழமை அந்தப் பெண் போன் செய்தார். "அண்ணா, இந்த வாரம் நோட்டுல ஒண்ணுமே இல்லையே, கடை லீவா?" லீவெல்லாம் இல்லை. ஏழு பேட்டரி போயிருக்கிறது. பையன் ஊருக்குப் போயிருந்தான், கல்லாவில் இருந்தது நான்.