குவித்த அல்ட்ராசவுண்டின் சூடு: பென்னெஸ் சமன்பாடா, குழாய்களை வரைந்த கணக்கா?

பேராதனையில் இறுதியாண்டு ஆய்வுக்கு குவித்த அல்ட்ராசவுண்டால் புற்றுக்கட்டியைச் சுட்டு அழிக்கும்போது இழையம் எவ்வளவு சூடாகும் என்ற தலைப்பை எடுக்கும் ஹட்டன், பதுளைப் பக்கத்துத் தம்பி தங்கைகள் வந்ததும் கேட்பது, "அக்கா, எந்தச் சமன்பாட்டைப் போடுவது?" நான் திருப்பிக் கேட்பேன்: எத்தனை செக்கன் சுடப் போகிறீர்கள்?

பென்னெஸ் என்ற ஆய்வாளர் 1948இல் மனிதர்களின் முன்கையில் வெப்பநிலை அளந்து எழுதிய சமன்பாடு இன்றும் ஓடுகிறது. இழையமெங்கும் குருதி 37 பாகையில் வந்து சூட்டை உறிஞ்சும் என்று சமன்பாட்டின் ஒரே உறுப்பில் (term) முடித்துவிடுகிறது. லெப்டொப் போதும். போட்டிக் கணக்கோ பெரிய குருதிக் குழாய்களை ஒவ்வொன்றாக வரைந்து, உள்ளே ஓடும் குருதியையும் சேர்த்துத் தீர்க்கிறது. பென்னெஸுக்குக் குருதி மண்ணில் ஊறிய ஈரம். மற்றதற்கு அது தேயிலை மலையில் இறங்கும் ஓடை. ஆனால் குழாய் வரைபடம் எம்.ஆர்.ஐ.யிலிருந்து வரவேண்டும், கணிப்பும் நீளும்.

ஈரலில் குருதி சூட்டைக் கொண்டுபோக ஏறக்குறைய ஒரு நிமிடம் எடுக்கும். இரண்டு செக்கன் அல்ட்ராசவுண்ட் துடிப்பில் குருதியின் பங்கு சில சதவீதம்தான். அதற்குள் கடத்தல் மூலம் வெப்பம் ஒரு மில்லிமீற்றர் அளவு பரவிவிடும். 1 மெகாஹேர்ட்ஸ் குவியத்தின் அகலமே ஒன்றரை மில்லிமீற்றர் போல. ஆகவே குறுகிய துடிப்புக்குப் பென்னெஸ் தாராளம். ஆனால் பெரிய குழாய் பக்கத்தில் இருந்தால், அல்லது நீண்ட நேரம் சுட்டால், அதை நம்பக்கூடாது. 43 பாகையில் 240 நிமிடம் என்பதே இழையத்தை அழிக்கப் பொதுவாக எடுக்கும் அளவு; 56 பாகையில் அதே அளவுக்கு 1.8 செக்கன் போதும். ஒரு பாகை குறைந்தால் தேவையான நேரம் இரட்டிக்கும். குழாய் குளிர்விக்கும் பக்கத்தில் மூன்று பாகை தவறிக் கணக்கிட்டால், செத்ததாக நினைத்த புற்றுக்கலங்கள் உயிரோடு மிஞ்சலாம்.

வெப்பம் பிந்தித்தான் நகரும் என்னும் மாதிரிகளும் உண்டு. இறைச்சியில் பதினைந்து செக்கன் போலப் பிந்தல் கண்டதாகச் சொன்னார்கள்; பின்னர் திரும்பச் செய்தவர்களுக்கு அது கிடைக்கவில்லை. அதில் நேரம் போக்கவேண்டாம்.

சரி, இதைவிடப் பெரிய பிழை ஒலி நலிவில், அதாவது இழையத்துக்குள் போகப் போக ஒலி வலுவிழப்பதில், இருக்கிறது. சென்ரிமீற்றருக்கு 0.5 டெசிபெல் என்றால் 6 செ.மீ. ஆழத்துக்குப் பாதிச் சக்தி போய்ச் சேரும், 0.7 என்றால் 38 சதவீதம்தான். இந்த எண்ணை முதலில் அளந்துகொள்ளுங்கள். அப்புறம், இழையத்துக்குப் பதிலாக வெறும் அகார் ஜெல்லில் சோதித்து இரண்டில் எது சரி என்று முடிவெடுக்காதீர்கள். அதில் குருதியே இல்லை. ஜெல்லுக்குள் மெல்லிய குழாய் ஒன்றைப் பதித்துத் தண்ணீரை ஓடவிட்டு, குழாயின் இரு பக்கமும் வெப்பநிலை எடுங்கள்.