கேன் ஐ யூஸ்: பச்சைக் கட்டத்துக்குக் கீழேயும் பாருங்கள்

சிஎஸ்எஸ் (வலைப்பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் மொழி) எழுதிப் பிழைக்கிற யாருடைய கணினியைப் பார்த்தாலும் ஒரு டேப்பில் கேன் ஐ யூஸ் டாட் காம் திறந்தே கிடக்கும். எந்த வசதி எந்தப் பிரவுசரில் வேலை செய்யும் என்று பார்க்க அலெக்சிஸ் டெவேரியா என்பவர் உருவாக்கிய தளம். தேடல் பெட்டியில் கிரிட் (பெட்டிகளைக் கட்டம் கட்டமாக அடுக்கும் வசதி) என்றோ ஸ்டிக்கி (உருட்டும்போதும் ஓரிடத்தில் ஒட்டி நிற்க வைக்கும் வசதி) என்றோ அடித்தால் குரோம், எட்ஜ், சஃபாரி, ஃபயர்ஃபாக்ஸ் என்று ஒவ்வொரு பிரவுசருக்கும் ஒரு பத்தி விரியும். வேலை செய்யும் பதிப்புக்குப் பச்சை, செய்யாததற்குச் சிவப்பு, அரைகுறைக்கு மங்கலான மஞ்சள் பச்சை. காசு கேட்பதில்லை, கணக்குத் தொடங்கச் சொல்வதில்லை.

எனக்கு மிகவும் பிடித்த தளம்தான். ஆனால் பாதிப் பேர் இதை அவசரக் கண்ணால் பார்க்கிறார்கள். பச்சை தெரிந்ததா, சரி, அடுத்த வேலை. அப்படிப் பார்க்கிறவர்களுக்கு இந்தத் தளத்தால் பெரிய பிரயோஜனம் இல்லை.

நான் சின்னக் கடைகளுக்கு வலைத்தளம் செய்து கொடுக்கிறவள். ஒரு மளிகைக் கடைக்கு ஆர்டர் எடுக்கும் பக்கம் செய்தோம். கடைக்கார அண்ணாச்சி தன்னுடைய ஐபோன் 6-இல் திறந்தால் பொத்தான்கள் இடைவெளியே இல்லாமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. எங்கள் கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் அழகாக இருக்கிறது. என்னோடு வேலை செய்யும் தம்பிக்குக் குழப்பம். பொத்தான்களை வரிசையாக அடுக்க ஃப்ளெக்ஸ்பாக்ஸும், இடைவெளிக்கு அதற்குள் கேப்பும் போட்டிருந்தான்.

“அக்கா, ஃப்ளெக்ஸ்பாக்ஸ் ஐஓஎஸ் 12-லயும் பச்சையாத்தானே காட்டுது?”

“ஃப்ளெக்ஸ்பாக்ஸ் பச்சைதான். நீ அதுக்குள்ள கேப் போட்டிருக்கே. அதுக்குத் தனிப் பக்கம் இருக்கு, அதைத் திற.”

திறந்தான். கதை அங்கே இருந்தது. ஃப்ளெக்ஸுக்குள் கேப் ஃபயர்ஃபாக்ஸில் 2018-இலேயே வந்துவிட்டது (பதிப்பு 63). குரோமில் 2020 (பதிப்பு 84). சஃபாரியில் 14.1, அதாவது 2021 ஏப்ரல். ஐபோன் 6-க்கு ஐஓஎஸ் 12-ஓடு கதவு மூடியாகிவிட்டது. “நான் குரோம்தானே வச்சிருக்கேன்” என்றார் அண்ணாச்சி. அவருடைய ஐபோனில் குரோம் என்பது பெயருக்குத்தான், உள்ளே ஓடுவது ஆப்பிளின் வெப்கிட், சஃபாரியை ஓட்டும் அதே எந்திரம். எனவே அவர் எந்தப் பிரவுசரில் திறந்தாலும் நாம் பார்க்க வேண்டியது ஐஓஎஸ் சஃபாரி பத்தியை.

இதில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. பிரவுசருக்கு ஒரு வசதி தெரியுமா என்று சிஎஸ்எஸ்ஸுக்குள்ளேயே கேட்டுப் பார்க்க சப்போர்ட்ஸ் விதி இருக்கிறது. 'உனக்கு கேப் தெரியுமா?' என்று கேட்டால் ஐஓஎஸ் 12 'தெரியும்' என்றுதான் சொல்லும். பொய் இல்லை, கிரிட்டில் அதற்கு கேப் தெரியும். ஃப்ளெக்ஸில் தெரியுமா என்று பிரித்துக் கேட்க வழியில்லை. பச்சை, சிவப்புக் கட்டங்களில் இந்த மாதிரி விஷயம் அடங்காது. நாங்கள் பொத்தான் வரிசையை கிரிட்டுக்கு மாற்றினோம். அதே கேப், அதே ஐபோன், இடைவெளி வந்துவிட்டது.

அட்டவணைக்கு அடியில் இருக்கும் குறிப்புகள் டேப்பையும், தெரிந்த சிக்கல்கள் டேப்பையும்தான் நான் இந்தத் தளத்தின் உயிர் என்பேன். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 11-இல் மின்-ஹைட் (குறைந்தபட்ச உயரம்) கொடுத்த பெட்டிக்குள் ஃப்ளெக்ஸ் செங்குத்தாக நடுவில் நிறுத்தாது என்பதை அந்த டேப்தான் சொல்லும், கட்டத்தின் நிறம் சொல்லாது. 2022 ஜூனில் மைக்ரோசாஃப்ட் அந்தப் பிரவுசரைக் கைவிட்டது, நல்ல காலம்.

இனி குறைகள். முதல் குறை கொஞ்சம் பெரியது. ஆண்ட்ராய்டு குரோமுக்கு இதில் ஒரே ஒரு பதிப்புதான் காட்டப்படும், கடைசிப் பதிப்பு. மேசைக் கணினி குரோமுக்கு நீளமாக வரிசை போகும், கைபேசிக்கு ஒற்றைக் கட்டம். நம் ஊரில் ஒரு கடையின் தளத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் ஆண்ட்ராய்டுக்காரர்கள். பழைய ஆண்ட்ராய்டு 6 போன் வைத்திருப்பவரின் குரோம் 106-ஐத் தாண்டாது. திரை உயரத்தைச் சரியாகப் பிடிக்கும் டிவிஎச் அளவு குரோமுக்கு வந்தது 108-இல். அட்டவணையில் ஆண்ட்ராய்டு குரோம் பளிச்சென்று பச்சை! அந்தப் போனில் டிவிஎச் வரி செல்லாது, பக்கத்தின் உயரம் சுருங்கி, திரையின் அடியில் நிற்க வேண்டிய 'ஆர்டர் போடு' பொத்தான் மேலே ஏறிவிடும். தப்பிக்க வழி எளிது: முதல் வரியில் 100 விஎச் (திரை உயரத்துக்கான பழைய அளவு), அடுத்த வரியில் 100 டிவிஎச். தெரியாத வரியைப் பிரவுசர் சத்தம் போடாமல் தாண்டிப் போய்விட வேண்டும் என்பது சிஎஸ்எஸ்ஸின் அடிப்படை விதி, அதனால் பழைய போன் முதல் வரியோடு நின்றுகொள்ளும். அப்போதும் அதற்குக் கச்சிதமான உயரம் கிடைக்காது, பொத்தான் முகவரிப் பட்டையின் உயரத்துக்குக் கீழே தள்ளப்பட்டுக் கிடக்கும். முக்கியமான பொத்தானைத் திரையின் அடிக்கு நம்பி வைக்காமல் இருப்பது உத்தமம்.

இரண்டாவது, மேலே வலப்பக்கம் வரும் சதவீதம், அதாவது எவ்வளவு பயன்பாட்டில் அந்த வசதி வேலை செய்யும் என்ற எண். ஸ்டாட்கவுண்டர் என்ற வலைப் பயன்பாட்டுக் கணக்குத் தளத்திலிருந்து எடுக்கிறார்கள். அது பக்கப் பார்வைகளின் கணக்கு, ஆட்களின் கணக்கு அல்ல. அமைப்புகளில் இந்தியாவைச் சேர்த்துக்கொண்டால் உலக எண்ணோடு நம் நாட்டு எண்ணும் வரும், அதையாவது செய்யுங்கள். ஜியோபோனில் இருக்கும் கைஓஎஸ்ஸுக்கும் தனிப் பத்தி இருப்பது எனக்குப் பிடித்த விஷயம். அதன் 2.5 பதிப்பு ஃபயர்ஃபாக்ஸ் 48-ஐ ஒட்டியது, கிரிட் கிடையாது.

அப்புறம், எல்லாப் பிரவுசரும் ஒற்றுமையாக ஒரே மாதிரி நடந்துகொண்டு நம்மைப் படுத்தும் இடங்களும் உண்டு. தமிழில் தளம் செய்கிறவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். விலைப்பட்டியலில் இடப்பக்கம் பெயர், வலப்பக்கம் விலை, ஃப்ளெக்ஸ் வரிசை. 'தேர்ந்தெடுக்கப்படவில்லை' போல ஒரு நீளச் சொல் சிறிய திரையில் வந்தால் விலை திரைக்கு வெளியே போய்விடும். பிரவுசர் மேல் பழி போட முடியாது. ஃப்ளெக்ஸ் பெட்டி தன் மிக நீளமான சொல்லுக்குக் கீழே சுருங்கக் கூடாது என்பது தர வரையறையிலேயே எழுதியிருக்கிறது. ஓவர்ஃப்ளோ-ராப்புக்கு (நீளச் சொல்லை உடைக்கும் விதி) பிரேக்-வேர்ட் கொடுத்தால் மட்டும் நடக்காது. எனிவேர் கொடுங்கள், அல்லது மின்-விட்த்தை (குறைந்தபட்ச அகலம்) பூஜ்யமாக்கி பிரேக்-வேர்ட் கொடுங்கள். எனிவேர் சஃபாரியில் 15.4-இலிருந்துதான், ஆகவே அண்ணாச்சியின் போனுக்கு இரண்டாவது வழி. இந்த மாதிரிச் சிக்கலுக்கு கேன் ஐ யூஸில் விடை தேடாதீர்கள், எம்டிஎன் என்ற வலை ஆவணத் தளத்தின் பக்கங்களுக்குப் போங்கள்.

இப்போது எம்டிஎன்னில் பேஸ்லைன் என்று ஒரு முத்திரை வருகிறது. குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி நான்கிலும் வந்து 30 மாதம் ஆனால் 'பரவலாகக் கிடைக்கிறது' என்று குத்திவிடுவார்கள். ஒரே பார்வையில் முடிவெடுக்க வசதி. ஃப்ளெக்ஸ் கேப்புக்கு அந்த 30 மாதம் 2023-இலேயே முடிந்துவிட்டது, அண்ணாச்சியோ அதே ஐபோன் 6-ஐத்தான் வைத்திருக்கிறார். புதுப் போன்காரர்களுக்குத் தளம் செய்கிறவர்களுக்கு முத்திரை போதும். கடைக்காரர்களுக்குச் செய்கிறவர்கள் கேன் ஐ யூஸையே வைத்துக்கொள்ளுங்கள். பழைய பிரவுசர்களுக்கான முன்னொட்டுகளை சிஎஸ்எஸ்ஸில் தானாகச் சேர்க்கும் ஆட்டோபிரிஃபிக்சர் போன்ற கருவிகளும் இதன் தரவைத்தான் பிரவுசர்ஸ்லிஸ்ட் (எந்தப் பிரவுசர்களுக்குச் செய்கிறோம் என்று குறிக்கும் கருவி) வழியாக எடுக்கின்றன. அங்கே மொபைல்-டு-டெஸ்க்டாப் என்ற தேர்வைப் போட்டுவிட்டால், நான் மேலே சொன்ன அந்த ஒற்றைக் கட்டத்துக்குப் பதிலாக மேசைக் கணினி குரோமின் பழைய பதிப்புகளையும் கணக்கில் எடுத்துக்கொள்ளும்.