வாய்க்குள் போவதும் தோலோடு நிற்பதும்: பச்சிளம் குழந்தைக்கான துணை மருத்துவ முறைகள், ஓர் ஒப்பீடு

சென்னையில் ஒரு குழந்தை பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்து சேர்வதற்குள் அதற்கான யோசனைகள் பல திசைகளிலிருந்தும் வந்து குவிந்துவிடுகின்றன. டிஸ்சார்ஜ் சீட்டில் வைட்டமின் டி சொட்டு மருந்தும் அடுத்த தடுப்பூசித் தேதியும் எழுதியிருக்கும். மயிலாப்பூர் மாட வீதிப் பக்கம் வாங்கிய வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய்ப் பொட்டலம் பாட்டியின் பையில் தயாராக இருக்கும். உறவினர் ஒருவர் ஹோமியோபதி மாத்திரையின் பெயரைக் கைப்பேசியில் அனுப்பியிருப்பார். இதை ஆங்கில மருத்துவத்துக்கும் நாட்டு மருத்துவத்துக்கும் நடக்கும் சண்டையாகப் பார்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவுகளே இன்று முன்வைக்கும் மிக நல்ல முறையொன்றில் மருந்தும் இல்லை, இயந்திரமும் இல்லை. ஆகவே நான் இரண்டே கேள்விகளைக் கொண்டு இவற்றை எடைபோடுகிறேன். ஒரு முறை குழந்தையின் தோலோடு நின்றுவிடுகிறதா, வாய் வழியாகவோ மூக்கு வழியாகவோ உள்ளே போகிறதா என்பது முதல் கேள்வி. அது சிகிச்சைக்குத் துணை நிற்கிறதா, சிகிச்சையின் இடத்தையே பிடித்துக்கொள்கிறதா என்பது இரண்டாவது.

மருந்தும் இயந்திரமும் இல்லாத முறை என்று நான் சொன்னது கங்காரு பராமரிப்பு. 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் எட்கர் ரே சனாப்ரியா என்ற மருத்துவர் இதைத் தொடங்கினார். இன்குபேட்டர்கள் போதாமல் ஒன்றிலேயே ஒன்றுக்கு மேற்பட்ட குழந்தைகளை வைக்க நேர்ந்து, தொற்றும் பரவிய நிலையில், எடை குறைந்த குழந்தையைத் தாயின் மார்போடு தோலும் தோலும் படும்படி கட்டிவைக்கும் வழக்கம் அங்கே பிறந்தது. வெகுகாலம் இதை வசதியில்லாத ஊர்களுக்கான மாற்று ஏற்பாடு என்றே மருத்துவ உலகம் கருதிவந்தது. குழந்தை முதலில் இன்குபேட்டரில் இருந்து தேறட்டும், பிறகு தாயிடம் கொடுக்கலாம் என்பதே பொது நடைமுறையாகவும் இருந்தது.

அந்த வரிசையை மாற்றிப்போட்டது, உலக சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளில் நடத்தி 2021-இல் வெளியிட்ட ஆய்வு. 1 கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடைப்பட்ட எடையுள்ள குழந்தைகளில் ஒரு பிரிவினருக்குப் பிறந்த உடனேயே கங்காரு முறை தொடங்கப்பட்டது. மற்றப் பிரிவினருக்கு நிலைமை சீரான பிறகே தொடங்கப்பட்டது. முதல் 28 நாட்களுக்குள் இறந்தவர்கள் முதல் பிரிவில் 12 சதவீதம், இரண்டாம் பிரிவில் 15.7 சதவீதம். வேறுபாடு தெளிவாக இருந்ததால் ஆய்வு முன்கூட்டியே நிறுத்தப்பட்டது. அடுத்த ஆண்டே உலக சுகாதார நிறுவனம், குறைமாதக் குழந்தைகளுக்கும் எடை குறைந்த குழந்தைகளுக்கும் நாளொன்றுக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை, இயன்றவரை விரைவாகத் தொடங்கி, இதைச் செய்ய வேண்டுமென்று பரிந்துரைத்தது.

இன்குபேட்டர் சூட்டைச் சீராகத் தரும், ஆனால் தாய்ப்பால் சுரக்கத் தூண்டாது. தாயின் தோலிலுள்ள தீங்கற்ற கிருமிகளைக் குழந்தைக்குக் கொடுக்கவும் அதனால் முடியாது. மறுபக்கம், மூச்சுத் திணறும் குழந்தைக்குக் கங்காரு முறை மூச்சு வாங்கித் தராது. பிறந்து ஒரு மணி நேரத்துக்குள் தானாக மூச்சுவிட முடியாத குழந்தைகள் மேற்சொன்ன ஆய்வில் சேர்க்கப்படவேயில்லை. சேர்க்கப்பட்டவர்களுக்கும் தேவைப்பட்ட மற்ற சிகிச்சைகள் தாயின் படுக்கை அருகிலேயே தொடர்ந்தன. துணை மருத்துவம் என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

என் தங்கையின் மகன் 33 வாரத்தில், 1.6 கிலோ எடையோடு பிறந்தான். சித்திரை வெயிலில், சிசேரியன் தையல் ஆறாத உடம்போடு, நாள் முழுதும் ஒரு குழந்தையை மார்பில் கட்டிக்கொண்டிருப்பது சொல்லுமளவுக்கு எளிதாக இல்லை. வியர்வையில் துண்டு நனைந்துகொண்டே இருந்தது. மாப்பிள்ளை சட்டையைத் திறந்து வேட்டியால் குழந்தையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தபோது அவருடைய அம்மா முதலில் கூச்சப்பட்டார். மூன்றாம் நாள், "நீ போய்ச் சாப்பிட்டுவிட்டு வா, நான் வைத்துக்கொள்கிறேன்" என்று அவரே முறை போட்டு வாங்கிக்கொண்டார். குழந்தையின் தலை ஒரு பக்கமாகத் திரும்பி, கழுத்து மடங்காமல், மூக்கு திறந்திருக்கிறதா என்பதை மட்டும் நர்ஸ் ஒவ்வொரு முறையும் பார்த்துவிட்டுப் போவார்.

தோலோடு நிற்கும் அடுத்த முறை எண்ணெய். இங்கே போட்டி எண்ணெய்களுக்குள்தான். வங்கதேசத்தின் டாக்காவில், 33 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைகளுக்குச் சூரியகாந்தி எண்ணெயை மென்மையாகப் பூசியபோது ஆஸ்பத்திரியில் பற்றும் தொற்றுகள் 41 சதவீதம் குறைந்ததாக 2005-இல் வெளியான ஆய்வு காட்டியது. குறைமாதக் குழந்தையின் தோல் முதிராதது. கிருமிகள் அதன் வழியே எளிதில் நுழைந்துவிடும். சூரியகாந்தி எண்ணெயைப் போல லினோலிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் மிகுந்த எண்ணெய் அந்தத் தோல் அரணைப் பலப்படுத்துகிறது என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம். அதே 2005-இல் மும்பையிலிருந்து வெளியான ஓர் ஆய்வில், தேங்காய் எண்ணெய் தேய்க்கப்பட்ட குறைமாதக் குழந்தைகள் கனிம எண்ணெய் தேய்க்கப்பட்டவர்களைவிட நன்றாக எடை கூடினர். நம் நல்லெண்ணெய்க்கும் ஓர் ஆய்வு துணை நிற்கிறது. ஆனால் அதில் பங்கேற்றவை ஆறு வார வயதான, நிறைமாதக் குழந்தைகள். அதன் முடிவைப் பிறந்து மூன்று நாளான குழந்தைக்கு நீட்டிப் பேசுவது சரியாகாது.

விலை அதிகம் என்பதாலேயே உயர்ந்ததென்று கருதப்படும் ஆலிவ் எண்ணெய் இந்த வரிசையில் பின்தங்கிவிடுகிறது. அதில் மிகுந்துள்ள ஒலியிக் அமிலம் தோலின் அரணைத் தளர்த்தக்கூடியது. வட இந்தியாவில் பழக்கமான கடுகெண்ணெயும் தோலை உறுத்தும். சென்னையின் புழுக்கத்துக்கும் கைக்கெட்டும் தூரத்துக்கும் சேர்த்து யோசித்தால், என் தேர்வு தேங்காய் எண்ணெய்தான். வாசனையோ மூலிகையோ சேர்க்காத, புதிதாக வாங்கிய எண்ணெய். குறைமாதக் குழந்தைக்கு என்றால் அதையும் மருத்துவரிடம் கேட்டுவிட்டே தொட வேண்டும்.

எண்ணெய் தோலைத் தாண்டும்போதுதான் ஆபத்து தொடங்குகிறது. குளிக்க ஊற்ற வரும் ஆயாக்களில் பலர் கை தேர்ந்தவர்கள்; நீட்டிய கால்மேல் குழந்தையைக் கிடத்தி அவர்கள் நீரூற்றும் பக்குவத்தை எந்த நர்ஸிங் பாடமும் சொல்லிக்கொடுத்துவிட முடியாது. ஆனால் மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, மூக்கில் ஊதுவது, தொண்டைக்குள் விரல்விட்டுக் கோழை எடுப்பது, பால் கட்டியிருக்கிறது என்று குழந்தையின் மார்பைப் பிழிவது ஆகிய நான்கையும் முதல் நாளே வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்கு இறங்கி உண்டாக்கும் நிமோனியா குழந்தை மருத்துவர்களுக்கு நெடுங்காலமாகத் தெரிந்த நோய். பிழிந்த மார்பில் சீழ் கட்டுவதும் அப்படியே. சாம்பிராணிப் புகையையும் மூக்கு வழி உள்ளே போகும் பொருளாகவே நான் கணக்கில் வைக்கிறேன்.

வாய் வழியாகப் போகிறவற்றில் பெரும்பாலானவை, குழந்தை அழுகிறது என்பதற்காகக் கொடுக்கப்படுகின்றன. நன்றாகப் பால் குடித்து எடை கூடும் குழந்தை, காரணம் தெரியாமல் நாளுக்கு மூன்று மணி நேரம், வாரத்துக்கு மூன்று நாள், மூன்று வாரம் அழுவதை மருத்துவர்கள் கோலிக் என்கிறார்கள். அது ஆறாவது வாரத்தை ஒட்டி உச்சத்தைத் தொட்டு, மூன்று நான்கு மாதத்தில் தானாகவே அடங்கிவிடும். ஐந்தாம் வாரத்தில் தொடங்கிய எந்த மருந்தும் பத்தாம் வாரத்தில் பலித்ததாகத் தோன்றுவதற்கு இதுவே காரணம்.

உரை மருந்தின் தலைவன் வசம்பு. இரவில் பெயர் சொல்லக்கூடாதென்று பேர் சொல்லா மருந்து என்றும், பிள்ளை வளர்ப்பான் என்றும் அதை அழைக்கும் அளவுக்கு நம் வீடுகளில் அதன்மேல் அன்பு உண்டு. அந்த அன்பை நான் மதிக்கிறேன். ஆனாலும் அதிலுள்ள பீட்டா அசரோன் என்ற வேதிப்பொருள் எலிகளில் புற்றுக்கட்டிகளை உண்டாக்கியதால் அமெரிக்கா 1968-இலேயே வசம்பை உணவில் சேர்க்கத் தடை விதித்தது, நம் நாட்டு வசம்பு வகையில் அந்தப் பொருள் கூடுதலாகவே இருக்கிறது. உரைகல்லில் எத்தனை சுற்று உரைத்தால் எவ்வளவு இறங்குகிறது என்பதற்கும் வீட்டில் அளவுகோல் கிடையாது. தாம்பரம் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தில் பட்டம் பெற்ற மருத்துவர் குழந்தையைப் பார்த்து எழுதித் தருவதும், கடைப் பொட்டலத்தை வீட்டில் கைக்கணக்கில் உரைப்பதும் ஒன்றல்ல என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அதே வசம்பைக் கோத்து மணிக்கட்டில் வளையலாகக் கட்டினால், குழந்தை அதை வாயில் வைக்கும் வயது வரும்வரை, எனக்கு மறுப்பில்லை.

கிரைப் வாட்டர் பலருக்கு நவீன மருந்தாகத் தோன்றினாலும் அதுவும் ஒரு பாட்டி வைத்தியம்தான். 1851-இல் இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில் வில்லியம் உட்வர்ட் தயாரித்தது. தொடக்கத்தில் அதில் சாராயமும் சர்க்கரையும் இருந்தன. சாராயம் பின்னாளில் நீக்கப்பட்டது. இனிப்பு நாக்கில் பட்டதும் குழந்தை சற்று அமைதியாவதைத் தவிர, அது கோலிக்கைக் குணமாக்கும் என்பதற்கு நல்ல சான்று இல்லை. ஹோமியோபதி மாத்திரைகளைப் பொறுத்தவரை, பல் முளைக்கும் குழந்தைகளுக்கான பெல்லடோனா மாத்திரைகள் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016-இல் எச்சரித்தது; பின்னர் சோதித்தபோது மாத்திரைக்கு மாத்திரை அந்த நச்சுச்செடியின் அளவு மாறுபட்டது. அதற்குமேல் இங்கே அலச ஒன்றுமில்லை.

இந்தப் பிரிவில் ஓரளவு சான்றோடு நிற்பது லாக்டோபேசில்லஸ் ரியூட்டெரி என்ற நல்ல பாக்டீரியா அடங்கிய சொட்டு மருந்து. தாய்ப்பால் குடிக்கும் கோலிக் குழந்தைகளிடம் அது அழும் நேரத்தைக் குறைத்திருக்கிறது. புட்டிப்பால் குடிப்பவர்களிடம் அந்தப் பலன் உறுதிப்படவில்லை. ஒடிசாவின் கிராமங்களில் 4,500-க்கும் மேற்பட்ட பச்சிளம் குழந்தைகளிடம் நடத்தி 2017-இல் வெளியான ஆய்வில், வேறொரு வகைப் பாக்டீரியாவை ஒரு சர்க்கரைப் பொருளோடு சேர்த்துக் கொடுத்தபோது, இரத்தத் தொற்றும் இறப்பும் சேர்ந்து 9 சதவீதத்திலிருந்து 5.4 சதவீதமாகக் குறைந்தன. அதைப் படித்துவிட்டுக் கடையில் கிடைக்கும் ஏதோவொரு புரோபயோட்டிக்கை வாங்கிவிடக் கூடாது; ஒரு வகையின் பலன் இன்னொரு வகைக்குப் பொருந்தாது, குறைமாதக் குழந்தைக்கு உயிருள்ள பாக்டீரியாவே இரத்தத்தில் கலந்து ஆபத்தாகலாம் என்று 2023-இல் ஓர் இறப்புக்குப் பின் அமெரிக்க அமைப்பு எச்சரித்திருக்கிறது.

சேனை தொட்டு வைக்கும் தேனும், சென்னைத் தெருக்களில் கழுதையோடு வந்து பாலாடையில் கறந்து தரும் கழுதைப் பாலும் ஒப்பீட்டுக்கே வராதவை. தேனில் இருக்கக்கூடிய பொட்டுலிசக் கிருமியின் வித்துகள் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கும். காய்ச்சாத பால் எந்த விலங்கினுடையதாக இருந்தாலும் பச்சிளம் குழந்தைக்கு ஆகாது.

இனிப்புக்கு மருத்துவத்தில் ஓர் இடம் உண்டு என்பது வியப்பாக இருக்கலாம். குதிகாலில் ஊசி குத்தி இரத்தம் எடுக்கும்முன் சில துளிகள் சர்க்கரைக் கரைசலைத் தந்தால் குழந்தையின் அழுகை குறைகிறது என்பதை 7,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளின் ஆய்வுகளைத் தொகுத்த அலசல் உறுதிசெய்தது. ஆனால் முகச்சுளிப்பு குறைந்தாலும் மூளையில் பதிவாகும் வலி குறையவில்லை என்று 2010-இல் லண்டன் ஆய்வாளர்கள் காட்டினர். ஊசி போடும்போதே தாய் பால் கொடுத்துக்கொண்டிருந்தால் அழுகை அதே அளவுக்காவது அடங்குகிறது, வெளிப்பொருள் ஒன்றும் உள்ளே போவதுமில்லை. தடுப்பூசி அறையில் தாயை வெளியே நிறுத்தும் வழக்கம் எங்கிருந்தாலும் அது மாற வேண்டும்.

மஞ்சள் காமாலையில்தான் என் இரண்டாவது கேள்வி கடுமையாக எழுகிறது. இளவெயிலில் காட்டினால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையில் உண்மையின் ஒரு துளி இருக்கிறது. 1950-களில் இங்கிலாந்தின் ராச்ஃபோர்ட் ஆஸ்பத்திரியில், வெயில் பட்ட இடத்தில் குழந்தையின் மஞ்சள் வெளுத்திருப்பதைக் கவனித்த ஜீன் வார்ட் என்ற நர்ஸ் சொன்னதிலிருந்தே ஒளிச் சிகிச்சை பிறந்தது. மஞ்சள் நிறத்துக்குக் காரணமான பிலிருபின் என்ற பொருளை மாற்றுவது 460 முதல் 490 நானோமீட்டர் வரையிலான நீல ஒளி. அது வெயிலிலும் உண்டு. நைஜீரியாவில் புற ஊதாக் கதிரை வடிகட்டும் கூடாரத்தின் கீழ் வெயிலைப் பயன்படுத்தியும் வெற்றி கண்டிருக்கிறார்கள், ஆனால் அங்கே குழந்தைகள் ஒரு நாளில் பல மணி நேரம் கண்காணிப்போடு வைக்கப்பட்டன. மொட்டை மாடியில், துணி சுற்றிய குழந்தைக்குக் காலை ஏழு மணிக்குக் கிடைக்கும் பத்து நிமிட வெயில் அதற்கு ஈடாகாது. வெயில் காட்டியாகிவிட்டது என்ற நிம்மதியில் இரண்டு நாள் கடந்துபோவதுதான் உண்மையான கேடு. பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலோ, உள்ளங்கால் வரை இறங்கினாலோ, குழந்தை பால் குடிக்காமல் துவண்டாலோ அன்றே இரத்தம் பார்க்க வேண்டும். மலம் வெளுத்தும் சிறுநீர் அடர்ந்தும் இரண்டு வாரத்துக்கு மேல் மஞ்சள் நீடித்தால் பித்தநாள அடைப்பா என்று பார்க்க வேண்டும். அதற்கான அறுவை அறுபது நாட்களுக்குள் நடந்தால்தான் பலன் அதிகம். பெட்டியிலிருந்து எடுத்த பழைய துணியில் பாச்சை உருண்டை வாசம் இருந்தால் அதைக் குழந்தைக்குப் போட வேண்டாம். இரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைக்கு அந்த வாசமே இரத்த அணுக்களைச் சிதைத்து மஞ்சளை ஏற்றிவிடும்.

இசைக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. பாட்டு கேட்கும் குறைமாதக் குழந்தையின் இதயத் துடிப்பு சற்றுத் தணிகிறது என்கின்றன ஆய்வுகள். பதிவு செய்த இசையை ஒலிபெருக்கியில் விடுவதா, தாய் தாழ்ந்த குரலில் பாடுவதா என்றால் நான் இரண்டாவதையே எடுப்பேன், ஏனெனில் தீவிர சிகிச்சைப் பிரிவின் இரைச்சல் 45 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்று பரிந்துரை இருக்கையில் இன்னொரு பெட்டியைச் சத்தம் போடவைப்பது பொருத்தமில்லை. என் தங்கைக்குப் பாட வராது. மார்பில் கட்டிய மகனிடம் அன்றைக்கு என்ன சமையல், யார் பார்க்க வந்தார்கள் என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டிருப்பாள்; திரையில் துடிப்பு எண் இறங்குவதை நாங்கள் பார்த்துக்கொண்டிருப்போம்.