இசட்80 உடன் ஆறு ஆண்டுகள்: பழைய சிப், புதிய சிப், சாயம் பூசிய சிப்

சென்னை ரிச்சி தெருவில், கழற்றிப் போட்ட பழைய மின்சுற்றுப் பலகைகள் குவிந்திருந்த ஒரு கடையில் இசட்80 என்ற நுண்செயலியை, அதாவது கணினியின் மூளையாக இயங்கும் நாற்பது கால் ஐசி (சிப்) ஒன்றை வாங்கி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அதன் முதுகில் இசட்80ஏ என்றும், அதற்குக் கீழே 8423 என்றும் அச்சிடப்பட்டிருந்தது. 1984ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது என்பது அந்த நான்கு இலக்கங்களின் பொருள். அன்று தொடங்கி இதுவரை பதினோரு இசட்80 சிப்கள் என் மேசைக்கு வந்துள்ளன. அவற்றுள் சில பழையவை, சில புதியவை, சில புதியவை என்று சொல்லி என் தலையில் கட்டப்பட்டவை.

இன்டெலில் இருந்து விலகிய ஃபெடரிக்கோ ஃபாஜின் தொடங்கிய சைலாக் நிறுவனம் 1976இல் இந்தச் சிப்பை வெளியிட்டது. இன்டெலின் முந்தைய நுண்செயலியான 8080க்கு +5, −5, +12 என மூன்று மின்னழுத்தங்கள் தேவைப்பட்டன. 8080க்கு எழுதிய நிரல்களை ஓட்டக்கூடிய இசட்80க்கோ 5 வோல்ட் ஒன்றே போதும். வீட்டு மேசையில் பிரெட்போர்டு (பற்றவைக்காமல் கம்பிகளைக் குத்தி இணைக்கும் பலகை) வைத்துக் கணினி கட்டுகிறவருக்கு இதைவிடப் பெரிய சலுகை இல்லை. குறை சொல்ல வேண்டுமானால் கால்களின் வரிசையைச் சொல்லலாம். தரவுக் கம்பிகள் டி0 முதல் டி7 வரை ஒழுங்காக வராமல், ஏழாம் காலில் டி4, எட்டாம் காலில் டி3, ஒன்பதில் டி5, பத்தில் டி6 என்று கலைந்து கிடக்கும். நடுவில் பதினோராம் காலில் மின்சாரம் புகுந்துகொள்ளும். ஆறு ஆண்டுகள் கழிந்தும் இந்த வரிசை எனக்கு மனப்பாடம் ஆகவில்லை.

முதல் மாதத்தில் என்னைப் பாடாய்ப் படுத்தியது, சிப்பை அடியடியாக நடத்தும் கடிகாரத் துடிப்பு. 4 மெகாஹெர்ட்ஸ் துடிப்பை 74எல்எஸ்04 என்ற சிறு தர்க்க ஐசி வழியாகக் கொடுத்திருந்தேன். நிரல் இரண்டு நிமிடம் சரியாக ஓடும், பிறகு தறிகெட்டுப் போகும். நினைவக ஐசியை மாற்றினேன், கம்பிகளை எல்லாம் பிடுங்கி மறுபடி குத்தினேன், பயன் இல்லை. கடைசியில் டேட்டாஷீட்டை, அதாவது தயாரிப்பாளர் தரும் விவரத்தாளைப் பொறுமையாகப் படித்தபோதுதான் விஷயம் புரிந்தது. மற்ற உள்ளீடுகளுக்கு டிடிஎல் அளவு, அதாவது எல்எஸ் போன்ற சாதாரண தர்க்க ஐசிகள் தரும் மின்னழுத்தம் போதும். ஆனால் கடிகாரக் காலின் உயர்நிலை மட்டும் சிப்புக்குக் கொடுக்கும் 5 வோல்ட்டுக்கு 0.6 வோல்ட்டுக்குள், அதாவது குறைந்தது 4.4 வோல்ட்டாக, இருக்க வேண்டும். எல்எஸ் வகை ஐசி தருவது மூன்றரை வோல்ட்டுக்குச் சற்று முன்பின்னாகத்தான். கடிகாரக் காலான ஆறாம் காலுக்கும் 5 வோல்ட்டுக்கும் இடையே 330 ஓம் மின்தடை ஒன்றைச் செருகிய பிறகு அந்தத் தொல்லை திரும்பவில்லை. வெயிட், பஸ்ரெக், இன்ட், என்எம்ஐ ஆகிய நான்கு கட்டுப்பாட்டு உள்ளீட்டுக் கால்களையும் அந்தரத்தில் விடாமல் மின்தடை மூலம் 5 வோல்ட்டோடு கட்டிவிட வேண்டும் என்பதையும், பலகைக்கு அருகில் கையைக் கொண்டுபோனாலே நிரல் நின்றுவிடும் விநோதத்தைப் பார்த்த பிறகே கற்றேன்.

என்மாஸ், சிமாஸ் என்பவை சிப் தயாரிக்கும் இரண்டு தொழில்நுட்பங்கள். பழைய என்மாஸ் சிப்புக்கும் பிற்கால சிமாஸ் வகையான இசட்84சி00க்கும் உள்ள வேறுபாட்டை விரலே சொல்லிவிடும். என் 1984ஆம் ஆண்டுச் சிப் என் மல்டிமீட்டரில் 100 மில்லி ஆம்பியரை ஒட்டி எடுத்துக்கொண்டு எப்போதும் இளஞ்சூடாக இருக்கும். அதே சாக்கெட்டில் வைத்த சிமாஸ் சிப் 20 மில்லி ஆம்பியரைத் தாண்டியதில்லை, சூடும் தெரிவதில்லை. சிக்கனத்தைவிட நான் பெரிதாக மதிப்பது வேறொன்றை: சிமாஸ் சிப்பின் கடிகாரத்தை முற்றிலும் நிறுத்தலாம். பொத்தானை ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் ஒரு துடிப்பு என்று கொடுத்து, முகவரிக் கம்பிகளில் கட்டிய எல்இடிகள் ஒவ்வொன்றாக மாறுவதை நிதானமாகப் பார்க்கலாம். என்மாஸ் சிப்பின் கடிகாரம் எவ்வளவு நேரம் தாழ்நிலையில் நிற்கலாம் என்பதற்கு டேட்டாஷீட்டில் வரம்பு உண்டு. புதிதாகக் கற்க வருகிறவர்களுக்கு நான் சிமாஸையே சொல்வேன்.

சொல்லிவிட்டேனே தவிர, சிமாஸ் என்று அச்சிட்டிருப்பதெல்லாம் சிமாஸ் அல்ல. மூன்று ஆண்டுகளுக்கு முன் வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவரிடம் இணையம் வழியாக 20 மெகாஹெர்ட்ஸ் சிப்கள் ஐந்து வாங்கினேன். எழுத்துகள் பளிச்சென்று இருந்தன. கால்கள் புது ஈயப் பூச்சில் மின்னின. 4 மெகாஹெர்ட்ஸில் ஐந்துமே வேலை செய்தன. ஆனால் தொட்டுப் பார்த்தால் நான்கு சிப்களில் அதே பழைய இளஞ்சூடு.

ஐயத்தைத் தீர்க்க ஐந்து பைட் நிரல் போதும். பதினாறடிமான எண்களில் எழுதினால்: 0இ, 00, ஈடி, 71, 76. முதல் இரண்டு பைட்டுகள் சிப்புக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடமான சி பதிவேட்டில் சுழியத்தை வைக்கின்றன. கடைசி பைட் சிப்பை நிறுத்துகிறது. நடுவில் உள்ள ஈடி 71, சைலாக் தன் கையேட்டில் குறிப்பிடாத ஒரு கட்டளை. அதை ஓட்டினால் என்மாஸ் சிப் வெளியீட்டுத் தளத்துக்கு (சிப் மதிப்பை வெளியே அனுப்பும் வாயில்) 0 அனுப்பும், சிமாஸ் சிப் 255 அனுப்பும். தளத்தில், வந்த மதிப்பைப் பிடித்து வைக்கும் 74எச்சி574 ஐசி ஒன்றையும் எட்டு எல்இடிகளையும் வைத்திருந்தேன்: 255 வந்தால் எட்டும் எரியும், 0 வந்தால் ஒன்றும் எரியாது. முதல் சிப்பைப் பொருத்தி ரீசெட் அழுத்தினேன்: எட்டும் இருட்டு. இரண்டாவதும் மூன்றாவதும் அப்படியே. நான்காவதில் மட்டும் எட்டும் ஒன்றாக எரிந்தன. ஐந்தாவதில் மறுபடி இருட்டு. அசிட்டோனில் நனைத்த பஞ்சால் முதல் சிப்பின் முதுகைத் தேய்த்தபோது பஞ்சு கறுத்தது. சாயத்துக்கு அடியில் உரசித் தேய்த்த கோடுகள் தெரிந்தன. அசல் எழுத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, மேலே கறுப்பு பூசி, புதுப் பெயர் அச்சிட்டிருக்கிறார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, ‘வேலை செய்கிறதல்லவா’ என்று பதில் வந்தது.

இப்போது இந்தச் சோதனை முன்னைவிட அவசியமாகிவிட்டது. இசட்84சி00 தயாரிப்பை நிறுத்தப் போவதாக 2024 ஏப்ரலில் சைலாக் அறிவித்து, அந்த ஆண்டு ஜூன் 14 வரையே ஆர்டர்களை ஏற்றது. இனிச் சந்தையில் வருவது கையிருப்பும், கழற்றிய பழசும், சாயம் பூசியவையும்தான். அதற்கு முன்பே முறையான விநியோகஸ்தர் ஒருவரிடம் இரண்டு வாங்கி வைத்தது என் அதிர்ஷ்டம். இன்று வாங்குவதாக இருந்தால், பெயர் மாற்றிய ‘புதியதை’ விட, பழைய பலகையிலிருந்து எடுத்த, அழுக்கு முகத்தோடு இருக்கும் என்மாஸ் சிப்பையே நான் தேர்ந்தெடுப்பேன். அதில் பொய் சொல்ல யாரும் மெனக்கெடுவதில்லை. கால்கள் கறுத்திருந்தால் பென்சில் அழிப்பானால் மெதுவாகத் துடைத்தால் போதும். கத்தியால் சுரண்டப் போய் ஒரு சிப்பின் பதினெட்டாம் காலை நான் முறித்திருக்கிறேன். நல்ல வேளையாக அது, சிப் நின்றுவிட்டதை வெளியே அறிவிக்கும் ஹால்ட் கால். அது இல்லாமலும் அந்தச் சிப் ஓடுகிறது. அடிக்கடி மாற்றிப் பார்ப்பதற்கு கால்களை அழுத்தாமல் சிப்பைச் செருகி எடுக்க உதவும், நெம்புகோல் வைத்த ஜிஃப் சாக்கெட் ஒன்றும் வாங்கிக்கொள்வது நல்லது.

பதினோரு சிப்களும் கறுப்பு ஸ்பாஞ்சில் குத்தி ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் இருக்கின்றன. முதுகில் உள்ள எழுத்தை இப்போது நான் பார்ப்பதில்லை. ஒவ்வொன்றின் வயிற்றிலும் வெள்ளை மார்க்கரால் எழுதியிருக்கிறேன்: எட்டில் 0, மூன்றில் 255.