குளச்சலில் ஒரு த்ரெட்ரிப்பரும் ஒரு ரைசன் 5-ம்

என் வேலை வீடுகளுக்கு எலிவேஷன் படம், அதாவது கட்டும் முன்பே முன்பக்கத் தோற்றத்தைக் காட்டும் படம் செய்வது. குளச்சலில் வீட்டு முன்னறைதான் ஆபீஸ், ஆள் நான் ஒருத்தன். வீடு கட்டுகிறவர் பெரும்பாலும் துபாயிலோ குவைத்திலோ இருப்பார். இஞ்சினியர் தரும் பிளானை ஸ்கெட்சப் என்ற சாஃப்ட்வேரில் முப்பரிமாண மாடலாக்கி, வி-ரேயில் அதை நிஜப் போட்டோ மாதிரி படமாக்கி (அதுதான் ரெண்டர்), அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். ராத்திரி பத்து மணிக்குப் பதில் வரும்: "அண்ணா, சன்ஷேடு கலர் மட்டும் ஒண்ணு மாத்தி அனுப்பித் தாருங்க." அந்த 'மட்டும்' என்ற ஒரு சொல்லுக்காகத்தான் 2021 கடைசியில் ஏஎம்டி கம்பெனியின் பெரிய பிராசஸரான த்ரெட்ரிப்பர் 2950எக்ஸ் வாங்கினேன். திருவனந்தபுரத்தில் ஒரு ஸ்டுடியோ மூடியபோது மதர்போர்டு, 64 ஜிபி ரேம், ஏர் கூலர் எல்லாம் சேர்த்துக் கிடைத்தது.

ஒரு வருடம் கழித்து அக்கா மகனுக்கு கேம் விளையாட, அதே ஏஎம்டியின் சிறிய பிராசஸரான ரைசன் 5 5600 போட்டு ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்தோம். 2023-ல் அவன் லேப்டாப்போடு ஹாஸ்டலுக்குப் போனதும் அது என் மேசைக்கு வந்துவிட்டது. அன்று முதல் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகின்றன.

இரண்டின் விவரத்தையும் தாளில் எழுதிப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். 2950எக்ஸின் அடிப்படை வேகம் 3.5 கிகாஹெர்ட்ஸ், உச்சம் 4.4. 5600-க்கும் அதே 3.5, அதே 4.4. பிராசஸருக்குள்ளேயே இருக்கும் சிறு மெமரியான எல்3 கேஷ் இரண்டிலும் 32 எம்பி. 2950எக்ஸில் 16 கோர் (வேலை செய்யும் ஆட்கள் மாதிரி), 32 த்ரெட் (ஒரே நேரத்தில் எடுக்கும் வேலைகள்). 5600-ல் 6 கோர், 12 த்ரெட். 2018-ல் வந்தபோது முன்னதின் விலை 899 டாலர், 2022-ல் வந்தபோது பின்னதின் விலை 199 டாலர். இதை மட்டும் வைத்து, பெரியது எல்லா வேலையிலும் முந்தும் என்றுதான் நானும் நம்பினேன்.

முதல் இடி கேமில் விழுந்தது. மருமகனுக்கு கம்ப்யூட்டர் வாங்கும் முன்பு ஒரு மே மாத லீவு முழுக்க என் மெஷினில்தான் வாலரன்ட் விளையாடினான். விளையாட்டு ஓடியது, ஆனால் அடிக்கடி வெட்டி இழுத்தது. டாஸ்க் மேனேஜரைத் திறந்து 32 கட்டங்களையும் பார்த்துவிட்டு, "மாமா, நாலஞ்சு தவிர எல்லாம் உறங்குதே" என்றான். உண்மைதான். கேம் என்பது நாலைந்து ஆள் வேகமாக ஓட வேண்டிய வேலை, முப்பது பேர் நின்றால் லாபமில்லை. போதாததற்கு 2950எக்ஸ் ஒரே சில்லு இல்லை, மூடிக்கு அடியில் இரண்டு சில்லுகள். மெமரி ஆளுக்குப் பாதியாகப் பிரிந்திருக்கிறது. 32 எம்பி கேஷும் எட்டெட்டாக நாலு துண்டு. ஒரு துண்டில் இருப்பதை அடுத்த பக்கத்துக் கோர் கேட்டால் சுற்றிப் போய் வாங்கி வர வேண்டும். 5600-ல் அந்த 32 எம்பியும் ஒரே தொட்டி, ஆறு கோரும் நேராக அள்ளிக்கொள்ளும். தலைமுறை வித்தியாசம் வேறு: 2950எக்ஸ் 12 நானோமீட்டரில் செய்த ஜென் பிளஸ் வடிவமைப்பு, 5600 அதைவிட நுணுக்கமான 7 நானோமீட்டர் ஜென் 3. நடுவில் ஜென் 2-வில் 15 சதவீதமும், ஜென் 3-ல் மேலும் 19 சதவீதமும் ஒரே கிளாக்கில், அதாவது அதே கிகாஹெர்ட்ஸில், கூடுதல் வேலை நடக்கும் என்று ஏஎம்டியே சொன்னது. ஆக 4.4 என்ற எண் ஒன்றானாலும் உள்ளே நடக்கும் வேலை வேறு.

த்ரெட்ரிப்பரில் கேம் மோடு என்று ஒன்று உண்டு. போட்டால் ஒரு சில்லை அணைத்து எட்டுக் கோராக்கிவிடும். ஆனால் ஒவ்வொரு தடவையும் ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். ரெண்டர் ஓடும் ஆபீஸில் இது நடக்கிற காரியமா?

கேம் எனக்கு முக்கியமில்லை என்று விட்டுவிடலாம். ஸ்கெட்சப்பை அப்படி விட முடியாது. மாடல் செய்யும்போது அது பெரும்பாலும் ஒரே கோரில்தான் நிற்கும். காம்பவுண்டுக்குள் நாலு தென்னை, புல்தரை, கார் எல்லாம் வைத்துவிட்டு மாடலைச் சுற்றினால் த்ரெட்ரிப்பரில் திணறும். அதே ஃபைலை 5600-ல் திறந்தால் கைக்கு இணங்கி வரும். முதல் நாள் இதைப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகவே இருந்தது. ஆட்டோகேடிலும் இதே கதை.

சரி, ரெண்டர்? அங்கே வி-ரே 32 த்ரெட்டையும் நூறு சதவீதத்தில் எடுத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் பார்க்க அழகுதான். ஆனால் 16-ஐ 6-ஆல் வகுத்து இரண்டரை மடங்குக்கு மேல் வேகம் என்று எதிர்பார்க்காதீர்கள். என் வழக்கமான முன்பக்கக் காட்சி த்ரெட்ரிப்பரில் 40 நிமிடம் எடுத்தால் 5600-ல் ஒரு மணி நேரம், சில சமயம் ஐந்து நிமிடம் கூட. ஒன்றரை மடங்கு, அவ்வளவுதான். ஆறு பேர் புதுத் தலைமுறை என்பதால் அவ்வளவு ஈடு கொடுக்கிறார்கள். கிராபிக்ஸ் கார்டில் ரெண்டர் எடுக்கலாமே என்று கேட்பீர்கள். என்னிடம் இருப்பது 6 ஜிபி கார்டு, என் மரங்களும் புல்லும் அதற்குள் அடங்காது. 64 ஜிபி ரேம்தான் என்னைக் காப்பாற்றுகிறது. 5600-ல் ஆரம்பத்தில் 16 ஜிபி போட்டு மூச்சு முட்டியதற்கும் பிராசஸருக்கும் சம்பந்தமில்லை, ரேம் கூட்டியதும் சரியானது. த்ரெட்ரிப்பர் விளம்பரத்தில் பெரிதாகச் சொல்லும் 64 பிசிஐ லேனில் (கார்டுகளைச் செருகும் தடங்களில்) நான் ஒரு கார்டும் ஒரு எஸ்எஸ்டியும் தவிர வேறெதையும் செருகியதில்லை.

கரண்ட் கணக்கும் சொல்ல வேண்டும். டிடிபி (வேலையின்போது பிராசஸர் வெளியிடும் சூட்டின் அளவு) என்று போட்டிருப்பது த்ரெட்ரிப்பருக்கு 180 வாட், 5600-க்கு 65. எனக்கு வலித்தது சும்மா இருக்கும்போது இழுக்கும் கரண்ட்தான். பிளக்கில் மீட்டர் மாட்டிப் பார்த்தேன்: த்ரெட்ரிப்பர் மெஷின் எந்த வேலையும் இல்லாமல் 95 வாட் பக்கம், 5600 மெஷின் 55 பக்கம். பகலில் பத்து மணி நேரம் திறந்து வைத்தால் இரண்டு மாதத்தில் இது ஒன்றிலேயே 24 யூனிட் வித்தியாசம். ராத்திரி ரெண்டர் தனி. நம் ஊர் பில்லில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடும் என்பதால் 490-ல் நிற்பதும் 510-ல் நிற்பதும் ஒன்றல்ல. மழைக்காலத்தில் கரண்ட் போய்ப் போய் வரும்போது பழைய 600 விஏ யூபிஎஸ் 5600-ஐத் தாங்கியது. த்ரெட்ரிப்பர் முழு ரெண்டரில் இருந்தபோது ஒரு கத்து கத்திவிட்டு அணைந்தது. 1 கேவிஏ வாங்கினேன். வாங்கும் விலையில் இதையும் சேர்க்க வேண்டும்.

வாங்கின முதல் வாரம் ஒரு பயம். ஒரு சாஃப்ட்வேர் 92 டிகிரி காட்டியது. கூலர் போச்சு என்று, அதற்கும் பிராசஸருக்கும் நடுவில் சூடு கடத்தும் பேஸ்டைத் துடைத்து மறுபடி பூசி, இரண்டு நாள் தூக்கம் கெட்டது. பிறகுதான் தெரிந்தது, இந்த பிராசஸர் உண்மைச் சூட்டோடு 27 டிகிரி கூட்டிச் சொல்லும். வெவ்வேறு பிராசஸர்களுக்கும் விசிறி ஒரே கணக்கில் வேகம் பிடிப்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். 92 என்றால் நிஜத்தில் 65. ஏஎம்டி சொல்லும் உச்ச வரம்பு 68. ஏசி இல்லாத முன்னறையில் மே மாதம் அதுவே நெருக்கம்தான், அறையும் அடுப்பங்கரை மாதிரி ஆகிவிடும்.

அடுத்தது ரேம். 2023 ஆடியில் ஒருநாள் 64 ஜிபி 48 ஆகிவிட்டது. கடலோரம் என்றால் எல்லாப் பழியும் உப்புக்காற்றுக்குத்தான். கேபினட் திருகாணிகளில் துரு பூத்திருந்ததால் எனக்கும் சந்தேகம் வரவில்லை. நாலு ரேமையும் கழற்றி, அழிரப்பரால் தொடுமுனைகளைத் தேய்த்து, இடம் மாற்றி மாற்றிப் போட்டேன். அதே 48. காரணம், த்ரெட்ரிப்பர் உட்காரும் டிஆர்4 சாக்கெட். 4,094 தொடுமுனைகளின் மேல் பிராசஸரை மூன்று திருகாணி அழுத்திப் பிடிக்கின்றன. அழுத்தம் கொஞ்சம் சரியில்லாவிட்டாலும் ரேமுக்குப் போகும் பாதைகளில் ஒன்று (மெமரி சேனல்) காணாமல் போகும். 1, 2, 3 என்ற வரிசையில்தான் முடுக்க வேண்டும், 3, 2, 1 என்றுதான் தளர்த்த வேண்டும். புதுப் பெட்டியோடு அதற்கென ஒரு ஸ்க்ரூடிரைவர் வரும், போதுமான இறுக்கம் வந்ததும் கிளிக் என்று சொல்லும். செகண்ட் ஹேண்டில் வாங்கிய எனக்கு அது வரவில்லை. மார்த்தாண்டத்தில் தேடி நட்சத்திர முனை உள்ள ஒரு ஸ்டார் பிட் வாங்கி, கைக்கணக்கில் முடுக்கினேன். 64 திரும்பியது.

5600-லும் ஒரு விபத்து உண்டு. மருமகன் தூசி தட்டுகிறேன் என்று கூலரை நேராக மேலே இழுத்தான். பேஸ்டில் ஒட்டிக்கொண்டு பிராசஸரும் சேர்ந்து வந்துவிட்டது. 5600 உட்காரும் ஏஎம்4 சாக்கெட் வகையில் பின்கள் பிராசஸரிலேயே இருக்கும். இரண்டு வளைந்தன. பழைய ஏடிஎம் கார்டின் விளிம்பை இடையில் விட்டு மெல்ல நிமிர்த்தினேன். கழற்றும் முன் பத்து நிமிடம் ஓடவிட்டுச் சூடாக்கி, கூலரை இடவலமாகத் திருகி எடுத்தால் இந்த வினை வராது.

இப்போது பகலில் மாடலிங் எல்லாம் 5600-ல். ராத்திரி நான்கைந்து காட்சிகளை வரிசையில் போட்டுவிட்டுப் படுக்கப் போவது த்ரெட்ரிப்பரில். நான் உறங்கும்போது 40 நிமிடமா ஒரு மணி நேரமா என்பது எனக்குத் தெரியப் போவதில்லை, மாடலைச் சுற்றும்போது வரும் அரை நொடித் திணறல்தான் நாள் முழுக்கத் தெரிகிறது. இதை 2021-ல் யாராவது சொல்லியிருந்தால் கேட்டிருப்பேனா என்பது சந்தேகம். அப்போது 16 என்ற எண்தான் கண்ணில் நின்றது.

இன்று வாங்குகிறவர் என்றால், என் மாதிரி ஒற்றை ஆளுக்கு 5600 போதும். பின்னால் தேவைப்பட்டால் அதே போர்டில், போர்டுக்குள் இருக்கும் பயாஸ் சாஃப்ட்வேர் ஒத்துழைத்தால், 16 கோர் 5950எக்ஸையே போடலாம். டிஆர்4-க்கு அந்த வழி அடைபட்டுவிட்டது. 2017, 2018 இரண்டு தலைமுறையோடு சரி, 2019-ல் வந்தவை வேறு சாக்கெட். என் போர்டு போனால் இனி செகண்ட் ஹேண்டில்தான் தேட வேண்டும். விற்கலாமா என்று அக்கா கேட்டாள். கல்யாண சீசனுக்கு முன்னால் குடிபுக வேண்டும் என்று மூன்று வீட்டுக்காரர்கள் ஒரே வாரத்தில் படம் கேட்டிருக்கிறார்கள், இப்போது முடியாது என்றேன். ஸ்டார் பிட்டை கேபினட்டின் பின்னால் டேப் போட்டு ஒட்டி வைத்திருக்கிறேன்.